நண்டோடைக்குப்பத்துக்கு ஜீப்பில் வந்த வரலாறு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கடற்காற்று பொல்லாதது; சொல்வதில் பாதியை அள்ளிக்கொண்டு போய்விடும். மீதியைக் கேட்டுவிட்டு, கதை அரைகுறை என்று குறைப்படாதீர்கள். முழுசாகச் சொல்கிறேன், முழுசாகக் கேளுங்கள். பாதி மட்டும் கேட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் இந்தக் கதையிலேயே வருகிறது.

உலகத்தில் எத்தனையோ ஊர்கள் வரலாறு சம்பாதிக்கப் படாத பாடு பட்டிருக்கின்றன. கோட்டை கட்டின, கொள்ளை போயின, ராஜாவைப் பெற்றன, ராஜாவைத் தொலைத்தன. இந்தச் செலவெல்லாம் இல்லாமல், ஒரு ஜீப்பின் முன் சீட்டில் வரலாறும் பின் சீட்டில் பொருளாதாரமுமாக ஒரே நாளில் வந்து இறங்கிய பெருமை, இந்தப் பூமியில் நண்டோடைக்குப்பம் ஒன்றுக்குத்தான் உண்டு.

கடப்பாக்கத்துக்கு வடக்கே, பனந்தோப்பு வரைக்கும் வந்த தார் ரோடு மேற்கொண்டு போக மனசில்லாமல் நின்றுவிடும். அங்கிருந்து மணலில் நடந்தால் நண்டோடைக்குப்பம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலாம் வருஷம் மாசி மாதம் வரைக்கும் அந்த ஊருக்கு வரலாறும் கிடையாது, பொருளாதாரமும் கிடையாது. ஜனங்கள் பிறந்தார்கள், கடலுக்குப் போனார்கள், அனேகம் பேர் திரும்பியும் வந்தார்கள். சண்டை போட்டுக்கொண்டார்கள், சண்டை போட்ட வீட்டிலேயே பெண் எடுத்தார்கள். இதற்கெல்லாம் வரலாறு என்று பெயர் என அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மீன் பிடித்தார்கள், விற்றார்கள், மிஞ்சியதைத் தின்றார்கள். பொருளாதாரம் என்று தெரியாமலேயே அதையும் செய்துகொண்டிருந்தார்கள். அப்பேர்ப்பட்ட அறியாமை.

அந்த அறியாமையில் முதல் வரிசையில் இருந்தவள் ஆதியம்மாள். வயசு நாற்பதைத் தாண்டியிருக்கும். புருஷன் ஒரு ஐப்பசிப் புயலில் போனவன் போனவன்தான். அதற்கப்புறம் அவளுக்குச் சொத்து என்று இருந்தது பெரிய வலையின் கயிற்றில் ஓர் இடம். தென்புறக் கயிற்றின் கடைசி முழம்.

பெரிய வலை என்றால் ஊருக்குப் பொதுவான வலை. படகோட்டி மாயவன் அதைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கடலில் அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டு வருவான். இரண்டு பக்கத்துக் கயிறும் கரையில் இருக்கும். ஊரே நின்று இழுக்கும். இழுத்து முடித்ததும் ஊர்ப் பெரியதனம் தேசப்பன் மீனை மணலில் கூறு கூறாக வைப்பார். படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, மீதி எல்லாம் கயிறு தொட்டவர்களுக்குச் சமமாக. யார் வந்து தொட்டாலும் சரி. வயலில் வேலை இல்லாத நாளில் மேற்கே காலனியிலிருந்து செங்கம்மாள் வருவாள். ஆதியம்மாளுக்கு முன்னால் நின்று இழுப்பாள். அவளுக்கும் அதே கூறு.

கயிறு தொட்டவருக்குப் பங்கு. இது அந்த ஊர் வழக்கத்தில் முதல் பாதி.

தொட்டவர், வலை கரையேறும் வரை கையை எடுக்கக் கூடாது. வலை கிழிந்தால் தொட்டவர் எல்லோரும் உட்கார்ந்து அதைக் கட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். இது இரண்டாம் பாதி. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள், கண்ணுகளா. ஜீப்பில் வந்தவர்கள் வைக்கவில்லை.

ஜீப்பின் முன்னால் ஒரு பலகை தொங்கியது: 'கடலோரச் சிற்றூர் வரலாறு மற்றும் பொருளாதார ஆய்வுக் குழு. முகாம்: மதுராந்தகம்.' கடலை ஆராய்கிறவர்கள் மதுராந்தகத்தில் ஏன் முகாம் போட்டார்கள் என்று கேட்கக் கூடாது. எதையும் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. அதுவும் இல்லாமல், அங்கே பெரிய ஏரி இருந்தது. ஏரியும் தண்ணீர்தானே.

முன் சீட்டிலிருந்து இறங்கியவர் வரலாற்று ஆய்வாளர் சம்பத். கறுப்பு பிரேம் கண்ணாடி, கழுத்தில் காமிரா. பின் சீட்டிலிருந்து இறங்கியவர் பொருளாதார ஆய்வாளர் ராமதாஸ். அடி அகலமான பேண்ட், மழை வந்தால் அதன் அடியில் ஒரு குடும்பமே ஒதுங்கலாம். டிரைவர் ஏசுதாஸ் இறங்கவில்லை. "நீங்க போய் ஆராயுங்க சார், நான் வண்டிய ஆராய்றேன்" என்று காலை நீட்டிக்கொண்டான்.

ராமதாஸ் முதலில் பிடித்தது ஆதியம்மாளைத்தான். அவள் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க பிரதான தொழில் என்னம்மா?"

"மீனுதான்."

"உப தொழில்?"

"மீனு விக்கறது."

"ஓய்வு நேரத்துல?"

"மீனு துன்றது."

"மீன் கிடைக்காத காலத்துல மாற்றுத் தொழில் ஏதாவது?"

"பட்டினி கெடக்கறது. அத்தையும் எழுதிக்கோ சார், அதுவும் நல்லாவே செய்வோம்."

ராமதாஸ் 'பல்வகைத் தொழில் திறன் உண்டு' என்று குறித்துக்கொண்டார். பிறகு சம்பத் வந்தார்.

"இந்த ஊர் எப்போ தோன்றிச்சும்மா?"

"நான் வாக்கப்பட்டு வர்ற சொல்லோ இருந்துச்சி சார்."

"அதுக்கு முன்னால?"

"அதுக்கு முன்னால நான் இங்க இல்ல. பாக்காதத எப்படி சொல்றது?"

'தொன்மை குறித்து வாய்மொழிச் சான்று தெளிவில்லை' என்று அவரும் குறித்துக்கொண்டார். இப்படியாகக் காலை நாஸ்தா ஜீரணிப்பதற்குள் பாதி ஆராய்ச்சி முடிந்துவிட்டது.

அன்றைக்கு வலை கரையேறும் நேரம். ராமதாசுக்கு ஒரு யோசனை தோன்றியது: பொருளாதாரம் நடக்கும்போதே அதனுடன் ஒரு போட்டோ. கயிற்றில் ஒரு கையை வைத்துக் காமிராவைப் பார்த்துச் சிரித்தார். சம்பத் எடுத்தார். பிறகு சம்பத் கை வைத்தார். ராமதாஸ் எடுத்தார். கை என்றால் உள்ளங்கை இல்லை. கயிறு ஈரமாகவும் தேங்காய்நாரும் பாசியுமாகவும் இருந்தபடியால், ஆளுக்கு ஒரு விரல்.

வலை கரையேறியது. தேசப்பன் கூறு வைத்தார். ஜீப்புக்கு எதிரில் இரண்டு கூறு சேர்த்து வைத்தார். நல்ல நெத்திலி, கூடையில் வெள்ளி கொட்டியது போல.

"இது என்ன?" என்றார் ராமதாஸ்.

"உங்க பங்கு சார்."

"அரசாங்க ஊழியர் அன்பளிப்பு வாங்கக் கூடாது."

"அன்பளிப்பு இல்ல சார். கயிறு தொட்டீங்களே, அதுக்கு."

"அப்போ கூலியா? கூலியும் வாங்கக் கூடாது."

"கூலி யாரு சார் குடுப்பா? இது பங்கு. தொட்டவங்களுக்குக் குடுக்காம வுட்டா வலை கோச்சிக்கும்."

ராமதாஸ் சிறிது நேரம் வானத்தைப் பார்த்தார். அன்பளிப்பு பற்றி விதி இருந்தது, லஞ்சம் பற்றி விதி இருந்தது. பங்கு பற்றி எந்த விதியும் ஞாபகத்துக்கு வரவில்லை. நேர்மையான மனிதர், விதியில்லாத இடத்தில் மறுப்பது முறையல்ல என்று வாங்கிக்கொண்டார்.

"சார், வழக்கத்துல இன்னொன்னு கீது..." என்று தேசப்பன் ஆரம்பித்தார்.

"அடுத்த தடவை சொல்லுங்க. மீன் கெட்டுடும்" என்றார் சம்பத். ஜீப் புறப்பட்டது.

அதிலிருந்து ஆராய்ச்சி சூடு பிடித்தது. முன்பு மாதம் ஒரு முறை என்று திட்டமிட்ட களப்பணி, வலை போடுகிற நாளெல்லாம் என்று ஆனது. ஜீப்பில் தலைமை எழுத்தர் வந்தார். தட்டச்சர் வந்தார். தட்டச்சரின் மச்சான், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து லீவுக்கு வந்தவர், அவரும் வந்தார். இதற்குப் 'பங்கேற்பு ஆய்வு' என்று பெயர். ஊர் ஜனங்கள் விடியற்காலையிலிருந்து இழுப்பார்கள். வலை இடுப்பளவு தண்ணீருக்கு வந்ததும், அதை எப்படித்தான் மோப்பம் பிடிக்குமோ, பனந்தோப்புப் பக்கம் ஜீப் சத்தம் கேட்கும். எல்லோரும் இறங்கி வந்து ஆளுக்கொரு விரல் வைப்பார்கள். இப்படி ஆராய்ச்சி வளர வளர, ஆதியம்மாளின் கூறு சுருங்கியது. முன்பு கூடை தலையை அழுத்தும். இப்போது கூடை காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டு கடப்பாக்கம் சந்தைக்குப் போனாள்.

"யக்கோவ், இன்னா கூடையில ஒண்ணியும் காணம்?" என்றாள் செங்கம்மாள்.

"கீதே, பாரு. அடியில நாலு நெத்திலி ஒன்னையொன்னு தேடிகினு கீது."

"எனக்கும் அப்டிதான். சோத்துக்கு மோந்து பாக்கத்தான் காணும்."

ஆதியம்மாள் தேசப்பனிடம் போனாள். அவர் அவளுக்கு மாமா முறை.

"இன்னா மாமா இது? ஒரு வெரலு வெச்சவனுக்கும் ஒரு கூறு, ரெண்டு தோளும் தேயத் தேய இஸ்தவளுக்கும் ஒரு கூறா?"

"வழக்கத்துல கைன்னுதான் கீதும்மே. எத்தினி வெரலுன்னு இல்லியே."

"அப்ப மத்த பாதி? வலை கிழிஞ்சா குந்திக் கட்டணும்னு கீதே, அத்த சொன்னியா அவங்களாண்ட?"

"சொல்ல வாயத் தொறந்தா ஜீப்பு பூட்து. நான் இன்னா ஜீப்பு பின்னால ஓடிகினே சொல்லட்டுமா?"

பொருளாதாரத்துக்கும் மனசாட்சி உண்டு. ஊரில் வறுமை கூடிவருவதை ராமதாசே கண்டுபிடித்துவிட்டார். ஒரு நாள் ஊரைக் கூட்டி, மேசை போட்டு, மேசைமேல் விரிப்பும் போட்டு, காரணத்தை அறிவித்தார்.

"இந்த ஊரோட வறுமைக்குக் காரணம் என்ன தெரியுமா? ஒரு கயிற்றில் அளவுக்கு மேல் கைகள். இதுக்கு 'மிகைக் கைகள்'னு பேரு. அதனால பங்கு சிறுத்துப் போகுது."

ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் கழித்து சார் தாமே உண்மையைக் கண்டுபிடித்தாரே என்று ஆதியம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மெய்தான் சார்! நானும் அத்தையேதான் சொல்லிகினு கீறேன்!"

"நல்லது. ஆகவே பெண்கள், விதவைகள், வயசானவங்க, வெளியிலேர்ந்து வர்றவங்க, இவங்க எல்லாம் இனிமே கயிறைத் தொட வேண்டியதில்லை."

ஆதியம்மாள் பெண், விதவை. இரண்டு விதத்திலும் மிகை. செங்கம்மாளைக் கேட்கவே வேண்டாம்.

"அப்ப நீங்க தொடறீங்களே சார்? நீங்களும் வெளியில இருந்துதானே வர்றீங்கோ?"

"நாங்க 'மதிப்புறு கைகள்'மா. மதிப்புறு கைகள் கணக்கில் சேராது."

"கணக்குல சேராது. கூறுல மட்டும் சேரும். அப்டிதானே சார்?"

"அறிவாளிம்மா நீங்க. சட்டுனு புரிஞ்சுக்கிட்டீங்க" என்று ராமதாஸ் மனசாரப் பாராட்டினார்.

தேசப்பன் தலையை ஆட்டிவிட்டார். சர்க்கார் சொல்கிறது, மேசைமேல் விரிப்பு வேறு இருக்கிறது. ஆதியம்மாள் அன்று வீட்டுக்குப் போய் அடுப்பைப் பார்த்தாள். அடுப்பும் அவளைப் பார்த்தது. கயிற்றில் அந்தக் கடைசி முழம் போனால் அவளுக்கு ஊரில் நிற்க வேறு இடம் இல்லை. நாற்று நடத் தெரியாது, கொத்து வேலை தெரியாது. தெரிந்ததெல்லாம் கால் இரண்டையும் மணலில் புதைத்துப் பின்னால் சாய்வதுதான்.

பொருளாதாரம் இவ்வளவு தூரம் முன்னேறியபோது வரலாறு சும்மா இருக்குமா? சம்பத்தும் ஒரு கண்டுபிடிப்புச் செய்திருந்தார். கரையில் ஒரு பெரிய கருங்கல் கிடந்தது. பெண்கள் அதன்மேல் துணி துவைப்பார்கள்.

"இந்தக் கல் எங்கேர்ந்து வந்தது?" என்று கேட்டார்.

"கடல்ல இருந்துதான் சார்" என்றான் மாயவன். "தோ, அந்த எடத்துல கெடந்துச்சி. வலைய வலைய கிழிச்சிப் போட்டுகினு இருந்துச்சின்னு எங்க நைனா காலத்துல ஊரே சேந்து கயித்தக் கட்டி இஸ்து கரையில போட்டாங்கோ. ஒரு வெயில் காலம் பூரா ஆச்சாம்."

சம்பத்தின் கண்ணாடி பளபளத்தது. "கடலுக்குள்ளேர்ந்தா! அப்படின்னா இது ஒரு பழைய துறைமுகத்தோட தூண். பக்கத்துல இருக்கிற ஆலம்பரைக் கோட்டைக்கும் மூத்தது. ஒரு வரலாற்றுச் சின்னம் அதோட மூல இடத்துலதான் இருக்கணும். நீங்க வரலாற்றை இடம் மாத்தி வெச்சிருக்கீங்க!"

"வலையக் கிழிக்கும் சார்."

"வரலாறு யாரையும் கிழிக்காதுப்பா."

கட்டுமரங்களைச் சேர்த்துக் கட்டி, கல்லை ஏற்றி, கிடந்த இடத்திலேயே மறுபடி தள்ளினார்கள். மேலே மிதப்புக் கட்டி அதில் சிவப்புக் கொடி நட்டார் சம்பத். அப்பன்மார் ஒரு கோடை முழுக்க இழுத்துப் போட்டதைப் பிள்ளைகள் ஒரே நாளில் திருப்பிப் போட்டுவிட்டார்கள். இதற்குத்தான் முன்னேற்றம் என்று பெயர். "போவட்டும்" என்றார் தேசப்பன். "கொடி இருக்கற எடத்த வுட்டு வடக்கால தள்ளி வலை வளைச்சிக்கலாம். கடலு என்ன, சின்னதா?"

தள்ளி வளைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். ஆனால் பங்குனியில் குழுவின் இயக்குநரே வந்துவிட்டார்.

மிகைக் கைகளை நீக்கியபின் நடக்கும் முதல் 'மாதிரி இழுப்பை' அவர் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. பந்தல் போட்டார்கள், மைக் செட் கட்டினார்கள், நாற்காலி போட்டார்கள். இயக்குநரின் காலில் மணல் படக் கூடாது என்று ஜீப்பை ஈர மணல் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார்கள்.

"சார், இங்க வாணாம் சார், மணலு இளக்கமா கீது" என்றான் ஏசுதாஸ்.

"நீ டிரைவரா, புவியியல் ஆய்வாளரா?" என்றார் தலைமை எழுத்தர். ஏசுதாஸ் வண்டியை நிறுத்தினான்.

இயக்குநர் கடலைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். "வலை எங்கே போடப் போறாங்க?"

"வடக்கால சார்" என்றார் தேசப்பன்.

"அங்கே போட்டால் கொடி போட்டோவில் வராது. எனக்கு மூன்றும் ஒரே படத்தில் வேண்டும். வரலாறு, பொருளாதாரம், நான்."

"கொடியச் சுத்தி வளைச்சா கல்லுல மாட்டும் சார்."

"நிகழ்ச்சி நிரல் அச்சாயிடுச்சே" என்று ராமதாஸ் தேசப்பன் காதில் வருத்தத்தோடு சொன்னார்.

மாயவன் கொடியைச் சுற்றியே வலையை வளைத்துவிட்டு வந்தான். கயிற்றில் ஊர் ஆண்கள் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் இயக்குநர், ஆய்வாளர்கள், எழுத்தர், தட்டச்சர், தட்டச்சரின் மச்சான். பெண்கள் எல்லோரும் பந்தலுக்கு அப்பால் மணலில் மிகையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆதியம்மாள் தன்னுடைய கடைசி முழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தட்டச்சரின் மச்சான் ஒரு விரலை வைத்துக்கொண்டு மறு கையால் தலை வாரிக்கொண்டிருந்தார்.

இழுத்தார்கள். வந்தது. இழுத்தார்கள். நின்றுவிட்டது.

பொருளாதாரம் இழுத்தது. வரலாறு விடவில்லை. 'ஏலோ' சொல்லி ஊர் ஆண்கள் மறுபடி சாய்ந்தார்கள். கடலுக்குள்ளிருந்து ஒரு சத்தம், புது வேட்டியைக் கிழிக்கிற மாதிரி. கயிறு திடீரென்று இலகுவாகி, பொருளாதாரம் முழுவதும் மல்லாந்து விழுந்தது.

வலை கரையேறியபோது அதில் ஒரு ஓட்டை. ஜீப்பே நுழைந்து போகலாம். மீன் எல்லாம் அந்த வழியாக விடைபெற்றுக்கொண்டிருந்தது. உள்ளே மிஞ்சியது சொறிமீன். கண்ணாடிக் கஞ்சி போலத் தொளதொளவென்று கிடக்குமே, தொட்டால் அரிக்குமே, அதுதான். தேசப்பன் வழக்கம் தவறாதவர். ஆளுக்கு ஒரு கூறு சொறி வைத்தார். இயக்குநருக்குக் கொஞ்சம் பெரிதாக வைத்தார்.

"உங்க பங்கு சார். அப்பால, குந்துங்க."

"எதுக்கு?"

"வலை கிழிஞ்சிட்ச்சே. கயிறு தொட்டவங்க எல்லாம் குந்திக் கட்டி முடிக்கணும். கட்டாம எந்திரிக்கக் கூடாது."

இயக்குநர் திரும்பினார். "ராமதாஸ், இது என்ன?"

"உள்ளூர் வழக்கம் சார்."

"நம்ம அறிக்கையில இருக்கா?"

"முதல் பாதி இருக்கு சார்."

"அப்போ மீதிப் பாதி நம்மைக் கட்டுப்படுத்தாது" என்று சொல்லி இயக்குநர் ஜீப்பில் ஏறினார். மற்றவர்களும் ஏறினார்கள். ஊர் ஆண்கள் கிழிந்த வலையைச் சுற்றி உட்கார்ந்து ஊசியும் நூலும் எடுத்தார்கள்.

ஏசுதாஸ் வண்டியைக் கிளப்பினான். சக்கரம் சுற்றியது. வண்டி நகரவில்லை, கீழே போனது.

"எறங்கித் தள்ளணும் சார்."

இறங்கினார்கள். பழக்கதோஷம், ஆளுக்கொரு விரல் வைத்துத் தள்ளினார்கள். ஜீப் இன்னும் கொஞ்சம் ஆழ உட்கார்ந்தது. அலை ஒன்று வந்து முன் சக்கரத்தை நக்கிவிட்டுப் போனது.

"கடலு ஏறிகினு வருது சார்" என்றான் ஏசுதாஸ், மற்றவர் வீட்டு விசேஷத்தைச் சொல்வது போல. "இன்னும் கொஞ்ச நேரம் போனா வண்டி மாமல்லபுரத்துல போய்தான் கரையேறும்."

"யோவ் பெரியவரே! ஆட்களை அனுப்புங்க!" என்று சம்பத் கத்தினார்.

"எப்டி சார்?" என்றார் தேசப்பன் ஊசியை ஓட்டிக்கொண்டே. "கயிறு தொட்டவங்க, கட்டாம எந்திரிக்கக் கூடாது. அதானே இப்ப சொன்னேன்."

இயக்குநர் கடற்கரையை மேலும் கீழும் பார்த்தார். எழுந்து வரக்கூடிய ஆள் வேறு யாரும் இல்லை. கயிறு தொடாமல் இருந்தவர்கள் மிகைக் கைகள் மட்டும்தான். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஆதியம்மாள் எழுந்து வந்தாள். பின்னால் செங்கம்மாள், மற்ற பெண்கள்.

"அம்மா, கொஞ்சம் கை குடுங்கம்மா!" என்றார் ராமதாஸ்.

"எங்க கை மிகைக் கையாச்சே சார். நாங்க தொட்டா உங்க கணக்கு கெட்டுப்பூடுமே."

"இப்போ அதெல்லாம் பார்க்க வேண்டாம்மா!"

"அப்ப சரி. எங்க ஊரு வழக்கம் தெரியும் இல்ல? தொட்டவங்களுக்குப் பங்கு. ஜீப்பத் தொட்டா ஜீப்புல பங்கு."

"இது சர்க்கார் ஜீப்!" என்று இயக்குநர் அலறினார்.

"அது கடலு வூட்டு மீனு சார். அதுல பங்கு வாங்க சொல்லோ நீங்க கடலாண்ட கேட்டீங்களா?"

அலை இப்போது பெயர்ப்பலகையைத் தொட்டது. 'வரலாறு' நனைந்துவிட்டது, 'பொருளாதாரம்' சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னதான் வேணும் உங்களுக்கு?"

ஆதியம்மாள் இதற்காகத்தான் எழுந்து வந்தாள். "அந்தக் கூம்பு கீதே, ஊருக்கே கேக்குமே, அதுல சொல்லு சார். மிகைக் கைன்னு யாரும் இல்ல, பொம்பளைங்களும் காலனிக்காரங்களும் எப்பவும் போல கயிறு தொடலாம்னு சொல்லு. அப்பால, தொட்டவங்க எல்லாம் வந்து குந்தி வலைய கட்டுங்க. அவ்ளோதான்."

இயக்குநர் மைக்கிடம் ஓடினார். பதவி ஏற்றபோதுகூட அத்தனை பக்தியோடு பேசியிருக்க மாட்டார். "நண்டோடைக்குப்பத்தில் மிகைக் கைகள் என்று எவரும் இல்லை! எல்லாக் கையும் தேவையான கையே! வண்டி மேலே வந்ததும் நாங்கள் வந்து வலை கட்டித் தருவோம்!" கடல் வரைக்கும் கேட்டது. வலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் தலையை நிமிர்த்திக் கேட்டார்கள். ஊர் முன்னால் சொன்ன சொல். தேசப்பன் தலையை ஆட்டி அதை ஏற்றுக்கொண்டார்.

பெண்கள் ஜீப்பைப் பிடித்தார்கள். விரல் இல்லை, கை. கை மட்டுமில்லை, தோள். ஆதியம்மாள் காலை மணலில் புதைத்து ஒரு மூச்சுக் கொடுத்தாள். ஜீப் நண்டு வளையிலிருந்து வெளிவருவது போலப் பக்கவாட்டில் அசைந்து, எம்பி, காய்ந்த மணலுக்கு ஏறியது.

ஏறியது, ஏறியதுதான். அதிகாரிகள் தொற்றிக்கொண்டார்கள். "ஊசி நூல் எடுத்துக்கிட்டு நாளைக்கு வர்றோம்!" என்று ராமதாசின் குரல் மட்டும் பனந்தோப்புப் பக்கமிருந்து கேட்டது. அவர்கள் பங்குச் சொறியைத் தேசப்பன் மறுநாள் வரைக்கும் அப்படியே வைத்திருந்தார். வெயில் அதைக் குடித்துவிட்டது.

வலையைக் கட்டி முடிக்கச் சித்திரை தாண்டிவிட்டது. அதுவரைக்கும் ஊருக்குப் பட்டினி; ராமதாஸ் குறித்துக்கொண்ட அந்த மாற்றுத் தொழில். கயிறு தொடாத ஆதியம்மாளும் செங்கம்மாளும் உட்கார்ந்து கட்ட வேண்டியதே இல்லை. ஆனாலும் கட்டினார்கள். கட்டும்போது செங்கம்மாள் கேட்டாள்:

"யக்கா, நம்ம ஜீப்புப் பங்கு?"

"எங்க பூடும்? முன் சக்கரம் ரெண்டும் என்னுது. பின் சக்கரம் ரெண்டும் உன்னுது."

அதிலிருந்து கடப்பாக்கம் ரோட்டில் எந்த ஜீப் போனாலும், "யக்கா, உன் சக்கரம் போவுது பாரு, பஞ்சரு ஆவாம போய் வரட்டும்" என்று செங்கம்மாள் கும்பிடுவாள்.

ஆவணி வாக்கில் ஏசுதாஸ் வந்தான். ஜீப் இல்லாமல், நடந்து. குழு தன் பணியைச் 'சீரும் சிறப்புமாக' முடித்துவிட்டது. இயக்குநருக்குப் பதவி உயர்வு. அறிக்கை புத்தகமாக வந்திருந்தது. அட்டையில் கொடி, கடல், இயக்குநர். அன்றைக்கு வலை நல்ல கனம். எல்லோரும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆதியம்மாள் கடைசி முழத்தில் பின்னால் சாய்ந்துகொண்டே, "படி ஏசுதாசு, எங்க ஊரு வரலாறு இன்னான்னு நாங்களும் தெரிஞ்சிக்கிறோம்" என்றாள்.

அவன் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் படித்தான்: "'நண்டோடைக்குப்பத்து மக்களின் பின்தங்கிய நிலைக்கு அவர்களே காரணம். உழைக்காமல் பங்கு கேட்கும் பழக்கம் அவர்களிடம் ஆழமாக வேரூன்றியுள்ளது. ஒரு வாகனத்தைச் சிறிது நேரம் தொட்டதற்கே அதில் பங்கு கேட்டனர்.'"

செங்கம்மாள்தான் முதலில் சிரித்தாள். சிரிப்பு ஒரு கயிற்றிலிருந்து மறு கயிற்றுக்குப் போய்த் திரும்பி வந்தது. வலை நழுவப் பார்த்தது.

"சிரிச்சது போதும், இஸ்ங்க!" என்று தேசப்பன் அதட்டினார்.

ஏசுதாஸ் புத்தகத்தை மணலில் வைத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து ஆதியம்மாளுக்கு முன்னால் நின்றான்.

"ரெண்டு கையாலயும் புடி நைனா" என்றாள் அவள். "இங்க யாரும் போட்டோ புடிக்கல."

அந்தக் கல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது, கண்ணுகளா. கொடி போய்விட்டது, வரலாறு பத்திரமாக இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு வலையையாவது கடித்துப் பார்த்துக்கொள்கிறது.

சரி, நேரமாகிறது, எழுந்திருங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். குழம்புச் சட்டியில் கரண்டி போட்டால் மீன் தட்டட்டும். கடலுக்குப் போனவர்கள் சொன்ன நேரத்துக்கு வாசலில் வந்து நிற்கட்டும். உங்கள் கயிற்றைத் தொட வரும் கை, சாய்ந்து இழுக்கும் கையாகவே வரட்டும். தப்பித் தவறி ஒற்றை விரலோடு ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினால், அவரையும் மரியாதையாகவே கூப்பிட்டு உட்கார வையுங்கள். மீனில் பங்கு கொடுப்பதற்கு முன்னால், கிழிசலில் அவர் பங்கை முதலில் எடுத்துக் கொடுங்கள். போய் வாருங்கள், நன்றாக இருங்கள்.